பரஞ்சோதியின் முந்நூறு சமாளிப்புகள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் வாயில் மிச்சமிருக்கும் நான்கு பல்லின் மேலும், இரண்டு முறை அறுத்தும் ஒழுங்காகத் தெரியாத என் வலக்கண்ணின் மேலும் சத்தியம் செய்கிறேன். நான் பக்கத்து வீட்டுக்காரன். எல்லாவற்றையும் கூடவே இருந்து பார்த்தவன். ஏதாவது ஒரு சொல் கூடுதலாகப் பட்டால் அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மீதியைத் தாராளமாக நம்பலாம்.

கரங்கானிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் எங்கள் தோட்டம் இருக்கிறது. சுற்றிலும் செம்பனை, நடுவில் எண்ணெய் ஆலை. பரஞ்சோதி அந்த ஆலையில் பாய்லர் ஆள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நீராவியின் அழுத்தம் எவ்வளவு என்று காதாலேயே கேட்டுச் சொல்லிவிடுவார். மீட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பிறகு அவர் சொன்னதையே சொல்லும்.

ஆலையில் பழக்குலைகளை வேகவைக்க ஒரு பெரிய இரும்பு உருளை உண்டு. ஒரு நாள் நீராவி முழுசாக இறங்குவதற்கு முன்பே அதன் கதவு திறந்துகொண்டது. கதவுக்கு எதிரே தங்கமணி நின்றிருந்தார். பரஞ்சோதியோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். அதைப் பற்றி இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

அன்றிலிருந்து நீராவிச் சத்தம் கேட்டால் பரஞ்சோதியின் இரண்டு கையும் முழங்கைக்குக் கீழே தானாக நடுங்கத் தொடங்கின. ஆலை மேனேஜரை நாங்கள் துவான் என்போம். நல்ல மனிதர். கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, தொண்ணூறு நாள் லீவு கொடுத்தார். தொண்ணூறு நாளுக்குள் 'இவர் மனம் சரியாகிவிட்டது' என்று கடிதம் வந்தால் மறுபடி பாய்லருக்குப் போகலாம். வராவிட்டால் வேலை இல்லை. எங்கள் தோட்டத்தில் வேலை இல்லாதவருக்கு வீடும் இல்லை. பதினான்காம் நம்பர் வீட்டுச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு, மனைவி நவமணியையும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். எங்கே என்று துவான் சொல்லவில்லை. அது அவர் வேலை இல்லை.

கடிதம் கொடுக்க வேண்டியது ஊழியர் உள்ள நலப் பிரிவு. அலோர் ஸ்டாரில் இருக்கும் தலைமையகத்தில் விபத்துக்குப் பிறகு பிறந்த பிரிவு அது. ஆலைக் கதவை மாற்றுவதா, உள்ள நலப் பிரிவைத் தொடங்குவதா என்று தலைமையகம் மூன்று கூட்டம் போட்டது. மூன்றாவது கூட்டத்தில் பிரிவு ஜெயித்தது. கதவு பழைய கதவுதான். அதற்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். பச்சை, மனதுக்கு அமைதி தரும் நிறமாம்.

பிரிவின் சார்பில் வந்தவர் மிஸ் காஞ்சனா. ஒரு சின்ன வெள்ளைக் கார், ஏழு தோட்டம், ஒரே ஆள். கெட்ட பெண் என்று சொல்ல மாட்டேன். பதினான்காம் நம்பர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பரஞ்சோதியின் போனை வாங்கி அதில் ஒரு ஆப்பை இறக்கினார். நானும் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன்.

"அண்ணே, இதுக்குப் பேரு லெகா ஹாத்தி. மனசு லேசாச்சுன்னு அர்த்தம். ரொம்ப ஈஸிலா. கஷ்டமா இருந்தா மொதல்ல எவ்ளோ கஷ்டம்னு நம்பர் போடணும், சைபர்லேர்ந்து பத்து வரைக்கும். என்னா நடந்துச்சின்னு எழுதணும். அப்பறம் இந்த லிஸ்ட்ல ஒரு சமாளிப்புத் திறன் எடுத்துச் செய்யணும். செஞ்சிட்டு மறுபடி நம்பர். கொறைஞ்சிருக்கணும்."

"கொறையலன்னா மிஸ்?"

"கொறையற வரைக்கும் செய்யணும்ணே. மொத்தம் முந்நூறு சமாளிப்பு வேணும். வந்திடுச்சின்னா லெட்டர் தானா வந்திடும்."

பரஞ்சோதி போனைத் தொடையில் கவிழ்த்து வைத்தார். "நீங்க எப்ப மிஸ் எங்கிட்ட பேசுவீங்க?"

"அதுக்குத்தாண்ணே ஆப். நான் ஒக்காந்து பேசுனா ஏழு தோட்டத்துக்கு யாரு போறது? நீங்க ஆப்கிட்ட பேசுங்க, ஆப் எங்கிட்ட பேசும்."

லிஸ்டில் இருபத்து நான்கு திறன்கள் இருந்தன. நவமணி சத்தமாகப் படித்தாள். வாசனை உப்புப் போட்ட வெந்நீர்த் தொட்டியில் சாய்ந்திருத்தல். வெறுங்காலோடு கடற்கரையில் நடத்தல். செல்லப் பூனையின் வயிற்றைத் தடவுதல். எங்கள் வீடுகளில் தொட்டி என்றால் சிமெண்டுத் தொட்டி. அதில் ஒருவர் சாய்ந்தால் மறுநாள் வரை மற்றவர்களுக்குக் குளியல் இல்லை. கடற்கரைக்குப் போக மூன்று பஸ் மாற வேண்டும். பூனை இருந்தது. அது யாரையும் தொட விடாது.

"அழலாமா மிஸ்?" என்று கேட்டார் பரஞ்சோதி.

காஞ்சனா லிஸ்டை மேலிருந்து கீழே ஒரு தடவை தள்ளிப் பார்த்தார். "அது இதுல இல்லண்ணே."

"இல்ல மிஸ், நான் தெனம் சாய்ந்தரம் செய்யறது அதான். தங்கமணி மோட்டாரு சைக்கிளு இன்னும் மில்லு ஷெட்லதான் நிக்குது. போயி அத தொடைப்பேன். ஒரு பத்து நிமிஷம் அழுவேன். அப்பறந்தான் சோறு எறங்கும்."

"அழறது திறன் இல்லண்ணே, அறிகுறி. போட்டீங்கன்னா மைனஸ் ஆயிடும். போடாதீங்க."

ஒவ்வொரு திறனையும் முடித்த பிறகு, பச்சையாக ஒரு வட்டம் வரும். அதை முப்பது நொடி விரல் அசையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அசைந்தால் கணக்கில் சேராது. அதாவது கை நடுக்கம் போக வேண்டுமானால் கை நடுங்காமல் இருக்க வேண்டும். முதல் நாள் பதினோரு தடவை வட்டம் கலைந்துவிட்டது. பன்னிரண்டாவது தடவை நவமணி அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போன் சந்தோஷப்பட்டு ஒரு பூவைக் காட்டியது.

பரஞ்சோதி நேர்மையான ஆள். கஷ்டம் வந்தால் மட்டும் எழுதினார். அதனால் ஐம்பது நாள் முடிந்தபோது அவர் கணக்கில் இருபத்தொன்பதுதான் இருந்தது. கஷ்டம் இல்லாத நாள்களில் போனில் ஒரு மேகம் வந்து அழுதது. 'இன்று நீங்கள் எதையும் சமாளிக்கவில்லை. உங்களுக்கு உதவி தேவையா?' மேகம் அழலாம் போலிருக்கிறது. மறுநாள் காஞ்சனா போன் செய்தார்.

"அண்ணே, நேத்து ஏன் ஒன்னும் போடல?"

"நேத்து நல்லாருந்தேன் மிஸ்."

"அப்டி இருக்கக் கூடாதுண்ணே. இல்ல, இருக்கலாம். ஆனா ரெக்கார்ட் இல்லாம நல்லாருக்கக் கூடாது. மேல கேக்கறாங்க. ஒரு நாளைக்கு ஒரு ஏழு கஷ்டமாவது வேணும்ணே."

இதைக் கேட்ட நவமணி யோசித்தாள். பிறகு குக்கரை எடுத்தாள். உள்ளே வெறும் தண்ணீர். பரஞ்சோதியை முன்னறை நாற்காலியில் போனோடு உட்காரவைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். விசில் வந்தது. அவர் கை நடுங்கியது. எட்டு என்று போட்டார். மூச்சை இழுத்து விட்டார். ஆறு. "போட்டாச்சா?" என்று கேட்டாள். "ஆச்சு" என்றார். அடுத்த விசில். இப்படி ஒரு நாளைக்கு ஏழு விசில். அந்த வீட்டில் ஏழு விசில் வரைக்கும் எதுவும் வேகவில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் குக்கரைக் கொண்டுபோய் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் போட்டுவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"தர்மலிங்க மாமா, முடியல மாமா. அவரு அந்த நாக்காலில ஒக்காந்து எப்ப விசில் வரும்னு எம்முதுகப் பாத்துக்கிட்டே இருக்காரு. நல்லா இருந்த மனுஷன நானே ஆட வெச்சி நானே அடக்கறேன். இன்னிக்கு அவரு என்னா கேட்டாரு தெரியுமா? 'இன்னும் எத்தன நவமணி'ன்னு. புள்ள பெறப்போற பொம்பள கேக்கற மாரி கேட்டாரு மாமா."

என் வலக்கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பதில் வைத்திருந்தவள் காளியம்மா. எங்கள் வரிசையில் கடைசி வீடு. குரல் மட்டும் எல்லா வீட்டிலும் இருக்கும்.

"இதுக்காடி அழுவுற? மூத்தவள நீ வயித்துல வெச்சிருந்தப்ப ஒம் நெரையில உதிரிப் பழம் யாரு பொறுக்குனா? நாங்க பொறுக்கல? கணக்கெழுதற கிராணி ஒம் பேருலதான போட்டான்? எத்தன கை பொறுக்குச்சின்னு அவன் கேட்டானா? சாக்க நிறுத்துப் பாத்தான், போனான். இதுவும் அந்த மாரி நெரதாண்டி. ஆளுக்குக் கொஞ்சம் எடுத்தா முடிஞ்சிடும்லா."

தோட்டத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் ஒருவருக்கு உடம்பு முடியாவிட்டால் அவருடைய நிரையை, அதாவது மர வரிசையை, மற்றவர்கள் முடித்துக் கொடுப்போம். பேரேட்டில் ஒரு பெயர் இருக்கும், மரத்தடியில் பத்துக் கை இருக்கும். அறுபது வருஷமாக இதில் ஒரு தவறும் நடந்ததில்லை. கவலையும் அப்படித்தான் என்று நாங்கள் நினைத்துவிட்டோம்.

பதினான்காம் நம்பர் வாசலில் ஒரு முக்காலி போட்டு அதன் மேல் போனை வைத்தோம். யாரும் மறதியாகக் கொண்டுபோய்விடக் கூடாதென்று ஆடு கட்டும் கயிற்றால் கட்டினோம். சாயங்காலத் தேநீருக்குப் பிறகு வரிசை தொடங்கும். ஒவ்வொருவராக முக்காலிக்கு முன்னால் உட்கார்ந்து தம் கவலையைச் சொல்வார்கள். பரஞ்சோதியின் மூத்த பெண் எழுதுவாள். எல்லாரும் மூச்சை இழுத்து விடுவார்கள். வட்டத்தை அழுத்துவார்கள். பரஞ்சோதி பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்வார். என் நான்கு பல்லில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு நான் ஏழு போட்டேன். அது ஆடாத பல் என்று பிறகு தெரிந்தது. ஆனால் பதிந்தது பதிந்ததுதான்.

காளியம்மா முதலில் மருமகன் ஜொகூரிலிருந்து போன் எடுப்பதில்லை என்று ஐந்து போட்டாள். இரண்டாம் நாள், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பாலிங் சாலையில் லாரி அடித்துப் போன மகனைப் பற்றிச் சொன்னாள். பத்துப் போட்டாள். மூச்சு விட்டாள். மறுபடி பத்து. ஆப் அவளை விடவில்லை, இன்னொரு முறை முயலுங்கள் என்றது. பூனையைத் தடவச் சொன்னது. பதினேழு தடவை பத்துப் போட்டாள். கடைசியில் போன் பேட்டரி தீர்ந்து அணைந்துபோனது. அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "இதுக்கும் முடியல பாத்தியா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பரஞ்சோதி கூடவே போய் அவள் வீடு வரைக்கும் விட்டுவந்தார். அன்று அவர் கை நடுங்கவில்லை என்று நவமணி சொன்னாள். அதைப் பதிய இடம் இல்லை.

முந்நூறு ஏழே நாளில் தாண்டிவிட்டது. நிறுத்திவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்திருக்கலாம். ஆனால் அதிகம் பொறுக்கினால் நல்லது என்றுதான் எங்களுக்குப் பழக்கம். எண்பதாவது நாள் கணக்கு இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு. அறுபத்தொரு பேர் கவலை, ஒரே பெயர்.

அலோர் ஸ்டாரில் அந்த வாரத்து அறிக்கை எப்படி இருந்தது என்று பின்னால் எனக்குத் தெரியவந்தது. நாற்பத்தாறு வயது ஆண் ஊழியர் ஒருவருக்கு ஒரே வாரத்தில் மூன்றாம் மாத மசக்கை, மாதவிடாய் நிற்கும் காலத்து வெக்கை, எஸ்.பி.எம். பரீட்சைக் கணக்குத் தாள் பயம், பால்பல் முளைக்கும் வலி, இரண்டு வெவ்வேறு மாமியாரின் தொல்லை. அத்தனையையும் இரண்டுக்குக் குறைத்திருக்கிறார். அறிக்கையை ஒன்பது அதிகாரிகள் படித்துக் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடிதம் ஒன்று வந்தது. ஆனால் அது வர வேண்டிய கடிதம் அல்ல. பரஞ்சோதி இந்த ஆண்டின் சிறந்த சமாளிப்பாளராம். தொண்ணூறாவது நாள், வியாழக்கிழமை, அலோர் ஸ்டார் ஹோட்டல் ஒன்றில் விழா. குடும்பத்தோடு வரவும்.

குடும்பம் என்றால் நாற்பது பேர் போனோம். பள்ளிக்கூட பஸ் பிடித்தோம். நவமணி கையில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருந்தாள். கடிதம் கசங்காமல் கொண்டுவர.

மேடையில் நலப் பிரிவின் இயக்குநர் விக்னேஸ்வரன் பேசினார். கறுப்புக் கோட்டு. பக்கத்தில் அவருடைய உதவியாளர் சாந்தினி, கையில் கணினிப் பலகையோடு. அவர் பேச்சை நான் ஒரு சொல் விடாமல் தருகிறேன்.

"அன்பார்ந்த ஊழியர்களே! சென்ற ஆண்டு நம் நிறுவனத்தில் நடந்த சமாளிப்புகள் பூஜ்யம். இந்த ஆண்டு ஒரு லட்சத்து எண்பதாயிரம். இது கஷ்டம் கூடியதால் வந்த வளர்ச்சி என்று சிலர் சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை. கஷ்டம் இல்லாமல் சமாளிப்பு எப்படி வரும்? அந்த மூலப்பொருளைத் தொடர்ந்து வழங்கிவரும் நிர்வாகத்துக்கு முதலில் நன்றி. ஆலைக் கதவை ஏன் மாற்றவில்லை என்று கேட்கிறார்கள். கதவை மாற்றினால் ஒரு கதவுதான் மாறும். மனதை மாற்றினால் எந்தக் கதவு திறந்தாலும் தாங்கலாம். எனக்கும் கஷ்டம் உண்டு. நானும் தினம் ஆறு சமாளிப்புப் பதிகிறேன். எனக்கு நேரம் இல்லாததால் என் சார்பில் சாந்தினி மூச்சு விடுகிறார்."

சாந்தினி தலையை ஆட்டினார். ஆறு பேருக்கு மூச்சு விடுகிறவரைப் போல்தான் இருந்தார்.

பரஞ்சோதிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவருடைய கிராஃபைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். வெந்நீர்த் தொட்டியில் போடும் வாசனை உப்பு ஒரு டப்பா. கைதட்டல் அடங்கியதும் நவமணி மேடைக்கு ஏறினாள். உறையைத் திறந்து பிடித்தாள்.

"சார், லெட்டரு."

"எந்த லெட்டர்?"

"மனசு சரியாயிடுச்சின்னு லெட்டரு சார். இன்னிக்குத்தான் கடைசி நாளு. இல்லன்னா ஞாயித்துக்கெழம வீட்டுச் சாவியக் குடுக்கணும்."

இயக்குநர் சாந்தினியைப் பார்த்தார். சாந்தினி பலகையைத் தட்டினார். "சார், இவரு சிவப்பு."

"சாம்பியன் எப்படிச் சிவப்பு?"

"சாம்பியன் பக்கத்துல பச்ச சார். வேல பக்கத்துல சிவப்பு. ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாலு தடவ மனசு ஒடைஞ்சிருக்கு. இவ்ளோ ஒடைஞ்ச ஆள பாய்லர்கிட்ட விடக் கூடாதுன்னு சிஸ்டம் சொல்லுது."

"அய்யோ, அது இவரு ஒருத்தரு இல்ல சார்," என்றாள் நவமணி. மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. "அறுபத்தோரு பேரு. இவரோடது வெறும் அம்பத்தேழுதான். அந்தா ஒக்காந்திருக்காங்க பாருங்க, அவங்க கஷ்டமெல்லாம் அதுல இருக்கு. இந்த மனுஷனுக்கு எங்கிருந்து சார் மசக்க வரும்?"

மண்டபத்தில் நாங்கள் நாற்பது பேரும் எழுந்து நின்றோம். மரியாதைக்கு.

இயக்குநர் கொஞ்சமும் கலங்கவில்லை. "ஐம்பத்தேழா? அப்படியானால் முந்நூறுக்குக் குறைவு. சாந்தினி, அது என்ன நிறம்?"

"அதுவும் சிவப்பு சார்."

"அப்ப மிச்சத்த அவங்கவங்க பேருக்கே மாத்திடுங்க சார், இவர இவரா பாருங்க."

"அம்மா, ஒருமுறை பதிந்த துயரத்தைப் பெயர் மாற்றம் செய்ய வசதி இல்லை."

"சார், அவரு கைய ஒரு தடவ பாருங்க சார். தொண்ணூறு நாளா ஒருத்தரும் அவரு கையப் பாக்கல. போன் பாத்துச்சி, கம்ப்யூட்டரு பாத்துச்சி. நீங்க பாருங்க. இந்தா, பிடிச்சிப் பாருங்க."

அவள் பரஞ்சோதியின் கையைப் பிடித்து நீட்டினாள். இயக்குநர் தம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கையைப் பார்க்க எங்களிடம் படிவம் இல்லை, அம்மா."

மேடை ஓரத்தில் நின்ற காஞ்சனா தரையைப் பார்த்தார். பரஞ்சோதி, "வா நவமணி, போலாம்" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அவள் உறையை மூட மறந்து அப்படியே கையில் பிடித்திருந்தாள். காற்றில் அது வாயைத் திறந்து திறந்து மூடியது.

அப்போதுதான் அது நடந்தது. என் நான்கு பல்லையும் மறுபடி நினைவூட்டுகிறேன்.

மேடைக்குப் பக்கத்தில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் பெரிய ஸ்டீல் கொப்பரை ஒன்று இருந்தது. நானூறு பேருக்கான கொப்பரை. பேச்சு நீண்டுபோனதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அதன் மூடி ஆடத் தொடங்கியது. பிறகு 'உஷ்' என்று நீராவி பீறிட்டு மேடையை மறைத்தது. அதிகாரிகள் ஒன்பது பேரும் ஒரே கதவுக்கு ஓடினார்கள். இயக்குநர் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினார்.

"சாந்தினி! எனக்கு ஒரு மூச்சுப் பயிற்சி போடு!"

"போட்டுட்டேன் சார்! கொறைய மாட்டேங்குது சார்!"

"பூனை போடு! பூனை!"

பரஞ்சோதியின் கை நடுங்கியது. நான் பார்த்தேன். நடுங்கிய கையோடுதான் அவர் நடந்தார். பொன்னாடையைக் கழற்றி உள்ளங்கையில் சுற்றிக்கொண்டார். கொப்பரைக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்து அதன் சத்தத்தைக் கேட்டார், ஒரு குழந்தை என்ன சொல்கிறது என்று கேட்பதுபோல். பிறகு கையை நீராவிக்குள் விட்டுத் வால்வுத் திருகைக் கால் சுற்றுத் திருப்பினார். நிறுத்தினார். மறுபடி கேட்டார். அரைச் சுற்று. முழுச் சுற்று. சத்தம் அடங்கியது. மண்டபத்தில் ஒரு ஸ்பூன் விழுந்தால் கேட்டிருக்கும். விழுந்தது, கேட்டது.

அவர் மேடைப் படியில் உட்கார்ந்து அழுதார். பத்து நிமிஷம். யாரும் நம்பர் கேட்கவில்லை. காஞ்சனா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், போன் இல்லாமல். "தங்கமணி அண்ணன் எப்டி இருப்பாருண்ணே?" என்று கேட்டார். அவர் சொன்னார். இயக்குநர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, பயந்துபோன ஆள் செய்வதைப்போல், பரஞ்சோதியின் கையைத் தானாகவே பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணாடிச் சட்டத்திலிருந்து கிராஃபை உருவி, அதன் பின்பக்கத்தில் தம் கைப்பட எழுதினார். 'பார்த்தேன். சரியாக இருக்கிறது.' கையெழுத்து, தேதி, முத்திரை. நவமணி அதை உறையில் போட்டாள்.

எங்கள் பக்கம் ஞாயிறுதான் வாரத்தின் முதல் வேலை நாள்; அன்று காலை பரஞ்சோதி பாய்லருக்குப் போனார். கதவை மாற்றினால்தான் வேலையைத் தொடங்குவேன் என்றார். அன்றே மாற்றினார்கள். தங்கமணியின் மோட்டார் சைக்கிளை ஷெட்டிலிருந்து எடுத்து பரஞ்சோதி பெயருக்கே கொடுத்துவிட்டார்கள். இப்போது சாயங்காலம் அதில்தான் வீட்டுக்கு வருகிறார். ஆப் லிஸ்டில் இருபத்தைந்தாவது திறனாக அழுகையைச் சேர்த்துவிட்டார்கள். பதினான்காம் நம்பர் வீட்டு வாசலில் நவமணி மல்லிகை வைத்திருக்கிறாள். இதோ, இதை எழுதும்போதுகூட பிள்ளைகள் அங்கே பாடம் படிக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

பரஞ்சோதி குடும்பம் பதினான்காம் நம்பர் வீட்டுச் சாவியை ஆபீசில் ஒப்படைத்தது மார்ச் மாதம் மூன்றாம் தேதி. அந்த ஆப் எங்கள் தோட்டத்துக்கு வந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து, ஜூன் மாதம்.